கட்டுரை நோட்டும் சிவப்பு மையும்

போன மாதம் மகள் வழிப் பேத்தி வந்திருந்தாள். எட்டாம் வகுப்பு. விடுமுறை முடிந்து போகும்போது சொந்தமாக ஒரு கதை எழுதி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் கடைசியில் என்னிடம் வந்து, "அப்புச்சி, எதைப் பார்த்து எழுதறது?" என்று கேட்டாள்.

"எதையும் பார்க்காம எழுது சாமி" என்றேன். நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். 'எதைப் பார்த்து எழுதுவது' என்று பிள்ளைகளைக் கேட்க வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பிள்ளைகள் எழுதிய கதையையும் எழுதாமல் போன கதையையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில் பழைய காலம். பிள்ளைகளுக்கு ஒரு பொறியைக் கொடுத்து எழுத வைப்பது வெளிநாட்டிலிருந்து வந்த புது வித்தை என்று இன்றைக்குப் பலர் நினைக்கிறார்கள். நம் புலவர்கள் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொன்னது வேறென்ன? கடைசி அடியை ஒருவர் கொடுப்பார். மற்ற மூன்றடியை அந்த இடத்திலேயே கட்ட வேண்டும். சமஸ்யை என்றும் சொல்வார்கள். எட்டயபுரத்தில் சிறுவன் சுப்பிரமணியனுக்குப் பதினொரு வயதில் பாரதி என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் கிடைத்ததில் பொறாமைப்பட்ட மூத்தவர் ஒருவர் அவனைச் சின்னப் பையன் என்று கேலி செய்யும்படி ஒரு ஈற்றடியைக் கொடுத்தாராம். அவனோ அதே சொற்களைப் பிரித்து, கேலி கொடுத்தவர் பக்கமே திரும்பும்படி பாடி முடித்தான் என்று சொல்வார்கள். என் வயதுக்காரர்கள் எல்லோரும் வகுப்பில் கேட்ட கதைதான்.

அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈற்றடியை எங்கேயும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது. அடுத்த நிமிடம் என்ன அடி வரும் என்று யாருக்கும் தெரியாது. இலக்கணம் கடுமையானதுதான், எதுகை மோனை தவறக் கூடாதுதான். ஆனாலும் உள்ளே வைக்கும் சரக்கு பாடுகிறவனுடையதாகவே இருக்க வேண்டும். இது ஒரு சிலருக்கு மட்டும் கிடைத்த படிப்பு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் காடுகளில் ஆடு மேய்த்த பிள்ளைகளுக்கு யாரும் ஈற்றடி கொடுக்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வந்தபோது கூடவே வியாசம் வந்தது. என் அப்பா வியாசம் என்றுதான் சொல்வார். நாங்கள் படித்தபோது அது கட்டுரை ஆகிவிட்டது. கட்டுரை என்பது பழைய சொல். சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டத்தின் கடைசிப் பகுதிக்கே கட்டுரை காதை என்று பெயர். பிரெஞ்சுக்காரர் மொந்தேன் 1580இல் தன் சிந்தனைகளை எழுதிப் புத்தகமாக வெளியிட்டபோது அவற்றுக்கு வைத்த பெயருக்கு 'முயற்சி' என்று பொருள். அதாவது, எழுதிப் பார்க்கிறேன், எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியாது என்பது போல. ஆங்கிலத்துக்கும் அந்தப் பெயர்தான் போனது. நம் பள்ளிக்கூடத்துக்கு அது வந்து சேர்ந்தபோது முயற்சி போய்விட்டது, கட்டு மட்டும் மிஞ்சியது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் அடிக்கோடிட்ட உட்தலைப்புகள். இரண்டு இடத்தில் மேற்கோள்.

தலைப்புகளும் மாறாதவை. நான் கண்ட பொருட்காட்சி, எனக்குப் பிடித்த தலைவர், நூலகத்தின் பயன், மழைநீர் சேமிப்பு, நான் முதலமைச்சரானால். என் தலைமுறையில் இவற்றை எழுதாதவர் யாரும் இருக்க முடியாது. நாங்கள் எழுதியதையே எங்கள் மாணவர்களும் எழுதினார்கள். அவர்களில் ஆசிரியர் ஆனவர்கள் அதையே தங்கள் மாணவர்களுக்கும் கொடுத்தார்கள்.

இங்கே என் கதையைச் சொல்ல வேண்டும். 1983ஆம் வருடம். ராசிபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். 'நான் கண்ட பொருட்காட்சி' என்று தலைப்புக் கொடுத்தேன். சேலத்தில் ஆடித் திருவிழாவை ஒட்டிப் போஸ் மைதானத்தில் நடக்கும் பொருட்காட்சிதான் எல்லோர் மனதிலும். நாற்பது நோட்டும் ஒரே மாதிரி வந்தன. அரசுத் துறை அரங்குகள், வேளாண்மைத் துறை அரங்கு, மின் விளக்கு அலங்காரம், ராட்டினம், 'பொருட்காட்சி அறிவை வளர்க்கும்' என்று முடிவுரை.

ஒரு நோட்டு மட்டும் வேறாக இருந்தது. அந்தப் பையனின் அப்பா ஒரு சேகோ பேக்டரியில் மூட்டை தூக்குகிறவர். அவன் எழுதியதன் சாரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்பாவும் அவனும் பஸ் ஏறிச் சேலம் போனார்கள். போய்ப் பார்த்தால் இரண்டு பேருக்கு டிக்கெட் வாங்கினால் திரும்பிவரப் பஸ்ஸுக்குக் காசு பத்தாது. 'நீ மட்டும் போய்ட்டு வா' என்கிறார் அப்பா. இவன் போகமாட்டேன் என்று விட்டான். இரண்டு பேரும் வெளியே மதில் ஓரமாக உட்கார்ந்து ஒரு டெல்லி அப்பளம் வாங்கி ஆளுக்குப் பாதியாகத் தின்றார்கள். ராட்டினம் மேலே வரும்போது மட்டும் அதில் இருப்பவர்களின் முகம் தெரிந்தது. கீழே போனதும் மறைந்துவிட்டது. 'நான் பொருட்காட்சியின் மேல் பாதியைக் கண்டேன்' என்று முடித்திருந்தான்.

முன்னுரை இல்லை. உட்தலைப்பு இல்லை. மேற்கோள் இல்லை. 'போய்ட்டு வா' என்று பேச்சு வழக்கு வேறு. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று எழுதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். அன்று எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. தேர்வுத் தாளைத் திருத்தப் போகிற முகம் தெரியாத ஆசிரியர் என்ன போடுவாரோ அதைத்தான் நானும் போட்டேன்.

ஆனால் அதே காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே பிள்ளைகள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் சிறு வயதில் அம்புலிமாமா இருந்தது, 1947இல் தொடங்கியது. அது படிப்பதற்கு. எழுத ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு 1950இல் தொடங்கிய கண்ணன் இருந்தது. ஆர்வி ஆசிரியராக இருந்து நடத்தினார். பிள்ளைகளையும் இளைஞர்களையும் எழுதச் சொல்லிப் போட்டி வைத்தார். அப்படி ஒரு போட்டிக்குப் பதினாறு வயதில் 'நந்திமலைச் சாரலிலே' என்று சிறுவர் நாவல் எழுதிப் பரிசு வாங்கிய பெண்தான் பின்னாளில் அம்பை என்ற பெயரில் எழுதிய சி.எஸ். லக்ஷ்மி. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வரும். பிறகு 1972இல் கோகுலம் வந்தது. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா அதற்கு ஆசிரியராக இருந்தார். வாண்டுமாமாவின் பூந்தளிர் 1984இல் வந்தது. ஜெயமோகனின் முதல் கதை பள்ளி நாட்களில் ரத்னபாலா என்ற சிறுவர் இதழில் வந்தது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவற்றையெல்லாம் விடப் பக்கத்தில் இருந்தது திருச்சி வானொலி. 1939இல் தொடங்கியது. காட்டில் வேலை செய்கிறவர் வீட்டிலும் ஒரு டிரான்சிஸ்டர் இருந்த காலம். சிறுவர் நிகழ்ச்சிக்குப் பதினைந்து பைசா அட்டையில் எழுதிப் போட்டுவிட்டுத் தங்கள் பெயர் வருமா என்று காத்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில், சினிமாக் கொட்டகையில் சோடாக் கடை வைத்திருந்த ஒருவரின் மகனும் அப்படிப் பாட்டு எழுதி அனுப்பினான். அவன் எழுதிய பாட்டுகள் திருச்சி வானொலியில் ஒலிபரப்பாயின. 1966இல் பிறந்த அந்தப் பையன்தான் எழுத்தாளர் பெருமாள்முருகன்.

கண்ணனிலும் வானொலியிலும் யாரும் முன்னுரை, முடிவுரை கேட்கவில்லை. மதிப்பெண் கிடையாது. பெயர் வரும், அவ்வளவுதான். ஊரில் நாலு பேர் 'உன் பேரு ரேடியோவுல வந்துச்சாமே' என்பார்கள். தன் சொல்லை யாரோ எங்கோ கேட்கிறார்கள் என்ற ஒன்று போதுமாயிருந்தது.

பிறகு மார்க் காலம் வந்தது. நான் சின்னவனாக இருந்தபோது வெளியூரில் நாமக்கல் என்று சொன்னால் 'கவிஞர் ஊரா?' என்பார்கள். மோகனூரில் 1888இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளை அவர்கள் 1972 வரை இருந்தார். கொஞ்ச காலம் கழித்து லாரி என்றார்கள், முட்டை என்றார்கள். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. அந்தச் சமயத்திலிருந்து நாமக்கல் என்றால் 'மார்க்' என்றார்கள். விடுதியோடு கூடிய பள்ளிகள் எழுந்தன. தூத்துக்குடியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். மாநில அளவில் முதல் இடங்கள் இங்கே வந்து குவிந்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு வருடம் நடத்தினார்கள். அதைத் தடுக்கத்தான் 2017இல் அரசு, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று பெயர் வெளியிடுவதும் அதே வருடம் நிறுத்தப்பட்டது.

இதை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மானாவாரிக் காட்டுக்காரர் பிள்ளையும் தறி ஓட்டுகிறவர் பிள்ளையும் அந்த மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போனார்கள். நான் மனப்பாடத்துக்கு எதிரி இல்லை. திருக்குறளையும் பெருக்கல் வாய்ப்பாட்டையும் மனப்பாடம் செய்யாமல் எப்படிப் படிப்பது? ஆனால் கட்டுரையை மனப்பாடம் செய்வது வேறு. பணி ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு விடுதிப் பள்ளியில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அங்கே தமிழ் இரண்டாம் தாளுக்குப் பத்துக் கட்டுரை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து அவற்றைச் சத்தமாகப் படிப்பார்கள். ஒரு நாள், மனப்பாடம் முடித்த ஒரு பையனிடம் 'உங்க ஊர்ல மழை பெஞ்சா எப்படி இருக்கும், ரெண்டு வரி எழுது' என்றேன். 'மழைநீர் சேமிப்பா சார்?' என்று கேட்டான். இல்லை, சும்மா மழை என்றேன். அவனால் எழுத முடியவில்லை. அந்தப் பையன் தமிழில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினான்.

அப்படிப்பட்ட நாமக்கல்லிலேயே நேர் எதிரான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். திருச்சி வானொலிக்குப் பாட்டு அனுப்பிய கூட்டப்பள்ளிப் பையன் வளர்ந்து, நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பின்னாளில் அவர் நாவலை ஒட்டி எழுந்த சர்ச்சை எல்லோருக்கும் தெரிந்ததுதான், இங்கே அதைப் பேசப் போவதில்லை. அவர் தன் மாணவர்களையும் ஆய்வு செய்கிறவர்களையும் சேர்த்து 'கூடு ஆய்வுச் சந்திப்பு' என்று நடத்தினார். அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் கூட்டம். பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அங்கே பழகியவர்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து 2013இல் 'சாதியும் நானும்' என்ற புத்தகம் வந்தது. காலச்சுவடு வெளியீடு. 30க்கும் மேற்பட்ட கட்டுரைகள். சாதி என்பது தன் வாழ்க்கையில் எப்போது, எப்படிக் குறுக்கே வந்தது என்று ஒவ்வொருவரும் தன் அனுபவத்தை எழுத வேண்டும். அதுதான் தலைப்பு.

இந்தத் தலைப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'சாதி ஒழிப்பு' என்று கொடுத்திருந்தால் எல்லோரும் இரண்டு மேற்கோளோடு ஒரே கட்டுரையைத்தான் எழுதியிருப்பார்கள். எந்த உரை நூலிலும் அது தயாராக இருக்கிறது. 'சாதியும் நானும்' என்றதும் நான் என்ற சொல் உள்ளே வந்துவிட்டது. அதைப் பார்த்து எழுத உலகத்தில் எங்கேயும் புத்தகம் கிடையாது. எழுதியவர்களில் யாரும் அப்போது பெயர் பெற்ற எழுத்தாளர்கள் இல்லை. தங்களுக்கு நேர்ந்த அவமானத்தை எழுதியவர்களும் உண்டு. தங்கள் வீட்டாரே அடுத்தவருக்குச் செய்ததை எழுதியவர்களும் உண்டு. இரண்டாவதை எழுதுவது முதலாவதை விடக் கஷ்டம் என்பது நம் ஊரில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் புத்தகம் பின்பு ஆங்கிலத்தில் வந்தது. கொட்டாங்குச்சியில் கொடுத்த கருப்புக் காப்பியைத் தலைப்பாக வைத்தார்கள். மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? கண்ணன் போட்டிக்குப் பதினாறு வயதில் நாவல் அனுப்பிய அதே சி.எஸ். லக்ஷ்மி. சிறு வயதில் இதழுக்கும் வானொலிக்கும் எழுதிப் போட்ட இரண்டு பேர், நாமக்கல் பிள்ளைகளின் எழுத்தை உலகத்துக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அறுபது, எழுபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பத்திரிகை ஆசிரியர் சின்னப் பிள்ளைகளை மதித்துப் போட்டி வைத்ததன் பலன் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

வெளியுலகத்திலும் இதே பாடத்தைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். ரஷ்யாவில் டால்ஸ்டாய் தன் ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். ஒரு நாள் ஒரு பழமொழியைக் கொடுத்துக் கதை எழுதச் சொன்னார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பாலேயே கண்ணைக் குத்துகிறவரைப் பற்றிய பழமொழி. பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை. நீங்களே எழுதுங்கள் என்று விட்டார்கள். சரி என்று அவரே எழுத ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக வந்து தோள் வழியே எட்டிப் பார்த்தார்கள். 'அப்படி இல்லை, இப்படி' என்று திருத்தம் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பையன்கள் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒருவன், கதையில் வரும் ஒருவர் ஒரு பெண்பிள்ளையின் மேலங்கியை மாட்டிக்கொண்டு வருகிறார் என்று சேர்த்தான். டால்ஸ்டாய் அசந்து போனார். கண்ணால் கண்டவனுக்கு மட்டும் தெரியும் சங்கதி அது. குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்று கேட்டு 1862இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக் கிராமத்தில் மிலானி என்ற பாதிரியார், தேர்வில் தோற்றுப் பள்ளியை விட்டு வந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அங்கே படித்த எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 1967இல் அது புத்தகமாக வந்தது. தமிழிலும் 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. அவர்கள் எழுதிய முறை நமக்கும் உதவும். ஆளுக்கொரு குறிப்புச் சீட்டு. தோன்றும் ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வைப்பது. பிறகு எல்லாச் சீட்டையும் மேசை மேல் பரப்பி, இரண்டு தடவை வந்ததை எடுத்துவிட்டு, ஒத்துப் போகிறவற்றை ஒரு குவியலாகச் சேர்ப்பது. ஒவ்வொரு குவியலும் ஒரு பகுதி. அதன் பிறகுதான் எழுதுவது, அதிகப்படியான சொல்லை வெட்டுவது. முன்னுரை, முடிவுரை என்ற சட்டி தயாராக வாங்கி வந்து அதில் சரக்கைக் கொட்டவில்லை. சரக்கைப் பார்த்துப் பாத்திரம் செய்தார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். அரசும் சும்மா இல்லை. 2019இல் வந்த புதிய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு பயிற்சி. ஒரு படம் இருக்கும், அதைப் பார்த்துப் பிள்ளையே கவிதை எழுத வேண்டும். நல்ல எண்ணம், நம் ஈற்றடியின் பேரன் என்றே சொல்லலாம். 2022இல் பள்ளிக் கல்வித் துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று சிறுவர் இதழ்களைத் தொடங்கியது. தேன்சிட்டு ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. அதே கல்வியாண்டில் வந்த கலைத் திருவிழாவில் கதை, கவிதைக்கும் போட்டி உண்டு. கோகுலத்தின் அச்சு 2020இல் நின்று போன குறை இதனால் கொஞ்சம் தீரும்.

ஆனால் எந்த நல்ல கேள்வியையும் நம் ஆட்கள் ஒரே வருடத்தில் சமைத்துக் காயவைத்துப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். என் வீட்டுக்குப் பக்கத்து டியூஷனில், எந்தப் படம் வந்தாலும் பொருந்தும்படி ஆறு வரிக் கவிதை ஒன்றை எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். படத்தில் மரம் இருந்தாலும் சரி, உழவன் இருந்தாலும் சரி, ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டால் போதுமாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேள்வி மாறினால் மட்டும் போதாது, திருத்துகிற கையும் மாற வேண்டும். அதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

2019 என்று நினைக்கிறேன். ஆத்தூர் போகும் பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். தலை நரைத்திருந்தது. "நல்லா இருக்கீங்களாங்க சார்? நான் தானுங்க, மேல் பாதி" என்றார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பொருட்காட்சியின் மேல் பாதி! முப்பத்தாறு வருடம் கழித்துத் தன்னை அடையாளம் சொல்ல அவருக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வந்திருக்கிறது. இப்போது ஒரு ரிக் வண்டியில் பங்குதாரராக இருக்கிறார், ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர் போடப் போய் வருகிறார், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள் என்றெல்லாம் சொன்னார்.

நான் தயங்கித் தயங்கி, "அப்புறம் ஏதாவது எழுதினியா கண்ணு?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் நானெங்கீங்க சார் எழுதுனேன்? அடுத்த கட்டுரைக்கு உரையில இருந்ததை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதிட்டேனுங்க. நீங்க எட்டு மார்க்குப் போட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை. அந்த எட்டு மார்க்கைத்தான் நான் அவருக்குச் செய்த கெடுதல் என்று நினைக்கிறேன். மூன்று மார்க்கை விட அது பெரிய கெடுதல்.

வண்டியை விட்டு இறங்கும்போது ஒன்று சொன்னார். "ராத்திரி காட்டுல போர் ஓடிட்டிருக்கும்போது, கீழருந்து முதல் தண்ணி வர்றப்ப அந்தக் குடியானவர் மூஞ்சியைப் பாக்கோணுங்க சார். அதை யாராவது எழுதுனாத் தேவலை" என்றார். எழுத வேண்டியவர் அவர்தான் என்று சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத் தாத்தா பாட்டிகள். உங்கள் வீட்டிலும் எட்டாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், முடிந்தால் செய்து பாருங்கள்.

பெரிய தலைப்புக் கொடுக்காதீர்கள். 'உழவின் சிறப்பு' வேண்டாம். 'நம்ம கிணத்துல தண்ணி வத்துன வருஷம்' என்று கொடுங்கள். 'சாலைப் பாதுகாப்பு' வேண்டாம். லாரியில் போன அப்பா திரும்பி வரும் நாளன்று வீட்டில் என்னென்ன மாறும் என்று கேளுங்கள். தறி வீட்டுப் பிள்ளை என்றால், கரண்ட் போய்த் தறிச் சத்தம் திடீரென்று நின்றதும் காதில் முதலில் விழுவது என்ன என்று கேளுங்கள். கொலுசுப் பட்டறை, சேகோ காயும் களம், கோழிப் பண்ணை, சந்தை என்று நம்மிடம் இல்லாத சரக்கா?

எழுத உட்கார்ந்தால் முன்னுரையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். எது நன்றாக ஞாபகம் இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பிக்கட்டும். கண்ணால் கண்டது, காதால் கேட்டது, மூக்கில் பட்டது என்று மூன்று சீட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்தது. மனிதர்கள் பேசுவதை அவர்கள் பேசுகிறபடியே எழுத விடுங்கள். 'அழகாக இருந்தது', 'மகிழ்ச்சியாக இருந்தது' என்று வந்தால், எதைப் பார்த்து அப்படித் தோன்றியது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அது போதும்.

எழுதி முடித்ததும் எழுத்துப் பிழையைத் தேடிப் பேனாவை எடுக்காதீர்கள். முதலில் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து கேட்கட்டும். ஒற்றுப்பிழையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். தமிழாசிரியன் வாயால் இது வருவது உங்களுக்கு அதிசயமாக இருக்கும். எனக்கும்தான். பத்தாவது படிக்கிற பிள்ளை தேர்வுக்கு வேண்டிய முன்னுரை முடிவுரையையும் கற்றுக்கொள்ளட்டும், தப்பில்லை. அது ஒரு சட்டை மாதிரி. போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து கழற்றி மாட்டிவிடலாம் என்று தெரிந்திருந்தால் போதும்.

பேத்தி கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு, பொருட்காட்சிக்குப் போய் மேல் பாதியை மட்டும் பார்த்த பையனின் கதையைச் சொன்னேன். மூன்று மார்க் போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "அந்த வாத்தியார் நீங்களா அப்புச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாள். மத்தியானம் வரைக்கும் எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குப் போகும்போது அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் மேசையில் இருந்த சிவப்புப் பேனாவையும் கேட்காமலே எடுத்துப் போய்விட்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.